நாகர்கோவிலில் அண்டர்டோன் பார்த்தோம்: 1,200 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவர்கள் ஜவுளிக்கடைப் படியேறுவதற்கு முன்னால் ஒரு தடவை அண்டர்டோன், அதாவது தோல் நிறத்துக்கு அடியில் ஓடுகிற சாயல், என்ன என்று பார்த்துவிடுங்கள், எந்த நிறம் உங்களுக்குப் பொருந்தும் என்பது அதில் தெரியும். குறிப்பாக, சின்ன வயதிலிருந்தே "உன் நிறத்துக்கு இது ஆகாது, அது ஆகாது" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் கட்டாயம் பாருங்கள். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் பார்லர் நடத்துகிற அக்கா ஒருவர் இதைச் செய்கிறார். ஆளுக்கு 1,200 ரூபாய், ஒன்றரை மணி நேரம் ஆகும். அவர் தனி ஆள், கூட்டம் சேர்ந்தால் அவசர அவசரமாகப் பார்க்க வேண்டி வரும் என்று சொன்னதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது, எது உருப்படி, எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதையெல்லாம் எழுதிவிடுகிறேன். இதே வேலையை வேறு ஊரில் யார் செய்தாலும் சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க உங்களுக்கு உதவும்.

நான் போனது சித்தி மகளுக்காக. ஜனவரியில் சர்ச்சில் கல்யாணம். நம்ம மாவட்டத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் வெள்ளைச் சேலைதான், அதில் என்ன குழப்பம் என்று நினைப்பீர்கள். கடையில் போய் நின்றால் தூய வெள்ளை, ஆஃப் ஒயிட், ஐவரி, கிரீம், லேசான சந்தனம் என்று வரிசையாக எடுத்துப் போடுவார்கள், எல்லாமே வெள்ளைதான், ஆனால் ஒன்றில் பெண் ஜொலிப்பாள், அடுத்ததில் காய்ச்சலில் எழுந்து வந்தவள் மாதிரி இருப்பாள். என் தங்கச்சி நல்ல கருப்பு. வீட்டில் பெரியம்மா தொடங்கி எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கருப்புக்குத் தூய வெள்ளை எடுக்காது, சந்தன கலர்ல எடு." அவளும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அண்டர்டோன் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோல் கருப்பா, மாநிறமா, சிவப்பா என்பது மேலே தெரிகிற அளவு. அதற்கு அடியில் ஒரு சாயல் ஓடும். சிலருக்கு மஞ்சள் அல்லது பொன்னிறம் பக்கம் சாய்ந்திருக்கும், அதை வார்ம் என்கிறார்கள். சிலருக்கு ரோஸ், நீலம் பக்கம் சாய்ந்திருக்கும், அது கூல். இரண்டும் கலந்திருந்தால் நியூட்ரல். பச்சை கலந்த மாதிரி ஒன்று உண்டு, அதற்கு ஆலிவ் என்று பெயர், நம் ஊர்ப் பொதுநிறத்தில் இதை நிறையவே பார்க்கலாம். தோலில் இருக்கிற மெலனின், ரத்தத்தின் ஹீமோகுளோபின், சாப்பாட்டிலிருந்து சேர்கிற கரோட்டின் எல்லாம் சேர்ந்துதான் இந்தச் சாயல் வருகிறது. மெலனினிலேயே பழுப்பு கருப்பாக ஒரு வகையும் சிவப்பு மஞ்சளாக ஒரு வகையும் இருக்கின்றன. வெயிலில் அலைந்தால் மேல்நிறம் கறுக்கும், சாயல் அவ்வளவாக மாறாது. நல்ல கருப்பிலும் வார்ம் உண்டு, கூல் உண்டு. பால் மாதிரி வெளுத்தவர்களிலும் இரண்டும் உண்டு. கருப்புக்கு இது, சிவப்புக்கு அது என்று பிரிப்பது அடிப்படையிலேயே பொருந்தாத கணக்கு. ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ஃபேர் என்பதை 2020-ல் எடுத்துவிட்டது, நம் வீடுகளில் சேலை எடுக்கும்போது அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, அங்கே என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். உள்ளே போனதும் முதல் கேள்வி, "மஞ்சள் தேய்ச்சியா மக்களே?" கல்யாணம் நிச்சயமானதிலிருந்து தங்கச்சி தினமும் மஞ்சள் பூசித்தான் குளித்துக்கொண்டிருந்தாள் என்று நான் சொன்னேன். நல்லவேளை, அக்கா போனில் நேரம் கொடுக்கும்போதே அதை நிறுத்தச் சொல்லியிருந்தார். சமையல் மஞ்சளின் சாயம் தோலில் ஒட்டி நிற்கும், அதோடு பார்த்தால் யாராக இருந்தாலும் வார்ம் என்றுதான் தெரியும். "மூஞ்சியைக் கழுவிட்டு வா, கிரீம் ஒண்ணும் போடாண்டாம்" என்றார். கழுவின உடனேயும் பார்க்கவில்லை, தேய்த்த சிவப்பு அடங்கட்டும் என்று பத்து நிமிடம் உட்கார வைத்தார். தலைமுடியை வெள்ளைத் துணியால் கட்டிவிட்டு, நைட்டி மாதிரி ஒரு சாம்பல் அங்கியைப் போர்த்தி, ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தார். கம்மல், செயின் எல்லாம் கழற்றியாகிவிட்டது.

அந்த ஜன்னலைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்துப் போவதற்கு அதுதான் முக்கியக் காரணம். வடக்கு பார்த்த ஜன்னல், மெல்லிய வெள்ளைத் திரை, அறையில் ஒரு லைட்டும் எரியவில்லை. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்று இன்டர்நெட்டில் எல்லாரும் எழுதுகிறார்கள். அது வெளிநாட்டுக் கணக்கு. நம்ம ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நண்பகல் சூரியனே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் போகும், அதனால்தான் அந்தத் திரை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவர். வாழையும் தென்னையும் நெருங்கி நிற்கிற ஜன்னலாக இருந்தால் இலையில் பட்டு வருகிற வெளிச்சம் முகத்தில் பச்சை அடிக்கும் என்று அக்கா சொன்னார். தக்கலையில் எங்கள் வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் வாழைதான், வீட்டில் நின்று சேலை பார்க்கும்போது ஒரு மாதிரியும் வெளியே போனால் வேறு மாதிரியும் தெரிவதற்கு இப்போதுதான் காரணம் புரிந்தது.

அப்புறம் துணி. பெட்டி நிறைய துணிகள், எல்லாம் ஜோடி ஜோடியாக. ஒரே நிறத்தில் ஒன்று மஞ்சள் பக்கம் சாய்ந்தது, இன்னொன்று நீலம் பக்கம் சாய்ந்தது. தக்காளிச் சிவப்பும் அதற்கு ஜோடியாக ஒயின் சிவப்பும், மாம்பழ மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளும், பாசிப்பச்சையும் மரகதப் பச்சையும். இந்த நிறங்களுக்கு ஜவுளிக்கடையில் வழங்குகிற பெயர்களையே அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது, கடைக்குப் போய் அப்படியே கேட்கலாம். கழுத்தடியில் ஒன்றை விரித்து, உடனே எடுத்துவிட்டு இன்னொன்றை விரிப்பார். பார்க்க வேண்டியது துணியை இல்லை, முகத்தை.

கனகாம்பரக் கலரைத் தங்கச்சி கழுத்தில் வைத்ததும் வாய் ஓரத்தில் இருக்கிற கறுப்பு தூக்கலாகத் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்தது, கன்னம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. அதை எடுத்துவிட்டு வாடாமல்லிக் கலரை வைத்தார். அந்த வாயோரக் கறுப்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது! கண்ணின் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது, கன்னத்தில் ஒரு சிவப்பு ஓடியது, அது அவள் முகத்தில் எப்போதும் இருக்கிற சிவப்புதான், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மாயம் ஒன்றும் இல்லை. துணியில் பட்ட வெளிச்சம் தெறித்துத் தாடையிலும் கழுத்திலும் விழுகிறது, அதோடு பக்கத்தில் இருக்கிற நிறத்தை வைத்துத்தான் நம் கண் ஒரு நிறத்தை எடைபோடுகிறது. தக்காளிச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் அவளுக்கு வரிசையாகத் தோற்றன. ராணி பிங்க், மரகதப் பச்சை, கத்திரிப்பூ, அடர்த்தியான ராயல் ப்ளூ எல்லாம் அள்ளிக்கொண்டு போயின, ஆக அவள் சாயல் கூல். "அடிக்கிற கலர் கருப்புக்கு ஆகாது" என்று அவளுக்கு இத்தனை வருடமாக மறுக்கப்பட்ட நிறங்கள்தான் எல்லாமே.

கடைசியில் வெள்ளை. சந்தனக் கலரை வைத்தபோது முகம் அழுக்காகத் தெரிந்தது, வேறு வார்த்தை இல்லை. தூய வெள்ளையை வைத்தபோது அவளும் கண்ணாடியைப் பார்த்தாள், சித்தியும் பார்த்தார், யாரும் ஒன்றும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடையில் கண்ணைப் பறிக்கிற வெள்ளைத் துணிகளில் பலவற்றில் வெளுப்பூட்டி சேர்த்திருப்பார்கள், அது புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி விடும், அதனால்தான் அந்த நீல வெள்ளை. கூல் சாயலுக்கு அது தூக்கிக் கொடுக்கும், வார்ம் சாயல்காரர்கள் கட்டினால் முகம் மஞ்சளாகத் தெரியும். ஏ4 பேப்பரிலும் இதே சங்கதி. "வெள்ளைப் பேப்பரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்கிற டெஸ்ட்டில் மாநிறக்காரர்கள் பெரும்பாலும் வார்ம் என்று முடிவு கட்டிக்கொள்வதில் பேப்பருக்கும் பங்கு உண்டு. அக்கா முதலில் வெளுக்காத காடாத் துணியையும் சேர்த்து வைத்து இரண்டுக்கும் நடுவில் எது பொருந்துகிறது என்று பார்க்கிறார். வீட்டில் பார்க்கிறவர்களும் அப்படிச் செய்யுங்கள்.

மணிக்கட்டு நரம்பு டெஸ்ட் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லாரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். நரம்பு நீலமாகத் தெரிந்தால் கூல், பச்சையாகத் தெரிந்தால் வார்ம் என்பது அந்தக் கணக்கு. நல்ல கருப்பில் நரம்பே சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் தோலின் பழுப்பு வழியாகப் பார்க்கும்போது பச்சையாகத்தான் தோன்றும். தங்கச்சியின் நரம்பும் அப்படித்தான், அதை மட்டும் நம்பியிருந்தால் அவள் வார்ம் என்று முடிவாகியிருக்கும், துணி நேர் எதிராகச் சொன்னது. வெளுத்த தோலை வைத்துக் கண்டுபிடித்த டெஸ்ட் அது, நமக்கு அதை நம்பாதீர்கள். போன் ஆப் இன்னும் மோசம். செல்போன் கேமரா சுற்றியிருக்கிற நிறத்தை வைத்துத் தானாகவே வெள்ளையைச் சரிசெய்யும், நீலச் சுவர் முன்னால் நின்றால் ஒரு முகம், மஞ்சள் சுவர் முன்னால் இன்னொரு முகம். அதிலும் பல போன்களில் அழகூட்டுகிற வசதி தானாக ஆன் ஆகியிருக்கும். தோல் மருத்துவர்கள் சொல்கிற ஃபிட்ஸ்பேட்ரிக் வகை எண்ணை வைத்து அண்டர்டோன் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 1975-ல் வந்த அந்த வகைப்பாடு வெயிலில் தோல் எப்படிச் சிவக்கும், கறுக்கும் என்பதற்கானது, சாயலைப் பற்றி அது பேசவே இல்லை.

என்னையும் பார்த்தார். நான் பொதுநிறம், ஆலிவ் கலந்த வார்ம் என்று வந்தது. பேபி பிங்க் வைத்தால் முகத்தில் ரத்தமே இல்லாத மாதிரி, கடுகு மஞ்சளும் பாசிப்பச்சையும் செங்கல் கலரும் வைத்தால் தெளிச்சி. ஓணத்துக்குக் கட்டுகிற, கசவு என்கிற ஜரிகைக் கரை போட்ட செட்டு முண்டில் நான் நன்றாக இருப்பேன் என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் அந்த வெளுக்காத கிரீமும் பொன் கசவும்தான். தங்கச்சிக்கு அதே செட்டு முண்டை வெள்ளிக் கசவில் எடுக்கச் சொன்னார். மயில்கழுத்து இரண்டு பேருக்குமே பொருந்தியது, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் இருப்பதால் அது பெரும்பாலும் யாரையும் கைவிடாது. ஆனால் பாவும் ஊடும் வேறு வேறு நிறத்தில் நெய்த பட்டு என்றால் தட்டி விரித்துப் பார்ப்பது போதாது, மடிப்பு வைத்துத் தோளில் போட்டுப் பாருங்கள், திரும்பும்போது எந்த நிறம் மேலே வருகிறதோ அதுதான் முகத்தில் அடிக்கும்.

நகை விஷயத்தில் சித்திக்கு ஒரே கவலை. கூல் என்றால் வெள்ளி, பிளாட்டினம்தான் எடுக்கும் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார், நம்ம மாவட்டத்தில் தங்கம் இல்லாமல் பெண்ணை எப்படி மணவறைக்கு அனுப்புவது? அக்கா சொன்ன பதில் நியாயமாக இருந்தது. நகை சின்னப் பரப்பு, முகத்தின் நிறத்தைப் புரட்டிப்போடுகிற அளவுக்கு அதற்குச் சக்தி கிடையாது. தங்கத்தைத் தாராளமாகப் போடுங்கள், சிவப்புக் கல் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வடசேரியில் செய்கிற கோயில் நகை மாதிரி கெம்புக் கல் பதித்த அட்டிகை இந்தப் பெண்ணுக்கு அருமையாக இருக்கும் என்றார். ஜரிகைதான் பெரிய பரப்பு, அதை வெள்ளியில் எடுங்கள், இல்லையென்றால் பொன்னும் வெள்ளியும் கலந்து எடுங்கள். இதைவிட உபயோகமான யோசனை ஒன்றையும் சொன்னார்: பீரோவில் இருக்கிற பொருந்தாத சேலைகளைத் தூக்கிப் போட வேண்டாம், பிளவுஸை மாற்றினால் போதும். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது பிளவுஸ் கழுத்தும் தோளில் கிடக்கிற முந்தானையும்தான், இடுப்புக்குக் கீழே எந்த நிறம் இருந்தாலும் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. சித்தியின் மாம்பழ மஞ்சள் கூறைப்பட்டு தங்கச்சியிடம் இருக்கிறது, அதை வாடாமல்லி பிளவுஸோடு கட்டலாம் என்று கேட்டபோது அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கே அந்தக் காசு சரியாகப் போயிற்று.

இனி குறைகள். முடிவில் லேமினேட் செய்த ஒரு கார்டு தருகிறார்கள். அதில் பொருந்துகிற நிறங்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நாலு பருவமாகப் பிரித்துப் போட்டு நீங்கள் இந்தப் பருவம் என்று டிக் அடித்திருக்கும். இந்த நாலு பருவ முறை 1980-களில் அமெரிக்காவில் பரவலானது, அங்கே மரம் நிறம் மாறுகிறது, பனி விழுகிறது, அவர்களுக்குப் பார்த்தவுடன் புரியும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலத்திலும் நனைகிற நம்ம ஊர்ப் பெண்ணிடம் "நீ டீப் விண்டர்", அதாவது குளிர் பருவத்தில் அடர்நிற வகை, என்று சொன்னால் அதை வைத்து அவள் என்ன செய்வாள்? மேலும் அச்சடித்த நிறமும் நெய்த நிறமும் ஒன்றாக இருக்கவே இருக்காது, கார்டில் இருக்கிற மரகதப் பச்சையைக் கடையில் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். அதற்குப் பதிலாக 300 ரூபாய் கூடக் கொடுத்தால் துணித் துண்டுகளைச் சின்ன வளையத்தில் கோத்துத் தருகிறார், அதை வாங்குங்கள். உண்மையில் அந்தத் துண்டுகளைக் கட்டணத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கார்டை நிறுத்திவிடலாம், இதை அவரிடமும் நேரில் சொன்னேன்.

இன்னொன்று, சொன்ன நேரத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை, முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். காலை வெளிச்சத்தை நம்பி நடக்கிற வேலையில் இது சின்ன விஷயம் இல்லை, என் முறை வரும்போது மேகம் கூடிவிட்டது, இரண்டு துணிகளைத் திரும்பவும் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாடிப்படியும் செங்குத்து, முட்டு வலி உள்ள அம்மாக்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

மேக்கப் பற்றியும் பத்து நிமிடம் பேசினார், எதையும் விற்கப் பார்க்கவில்லை, அது பெரிய நிம்மதி. ஃபவுண்டேஷன் எடுக்கும்போது கையில் தடவிப் பார்க்காமல் தாடையிலிருந்து கழுத்து வரை ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், சிலது காற்றுப் பட்டதும் ஒரு படி கறுக்கும். எண்ணோடு வருகிற எழுத்தையும் பார்க்க வேண்டும், பெரும்பாலான பிராண்டுகளில் டபிள்யூ என்றால் வார்ம், சி என்றால் கூல், என் என்றால் நியூட்ரல். மேக் (MAC) என்கிற பிராண்டில் இது தலைகீழ், அதில் என்.சி. என்று இருப்பது பொன்னிறச் சாயல்காரர்களுக்கு, என்.டபிள்யூ. ரோஸ் சாயல்காரர்களுக்கு. மணப்பெண் மேக்கப்புக்கு ஆள் பேசும்போது "ரெண்டு ஷேடு வெளுப்பா போடுங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. கூல் சாயல் உள்ள கருப்பு முகத்தில் வெளுத்த மஞ்சள் ஃபவுண்டேஷனைப் பூசினால் போட்டோவில் சாம்பலாகத்தான் விழும், நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் எத்தனை நல்ல முகங்களை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்!

சேலை எடுத்தாயிற்று. தூய வெள்ளைப் பட்டு, வெள்ளி ஜரிகை. கடைக்காரர் வழக்கம்போல மஞ்சள் லைட்டுக்கு அடியில்தான் விரித்தார். அந்த லைட்டில் தூய வெள்ளையும் கிரீமும் ஒன்றுபோலவே தெரியும், ஜரிகை மட்டும் தகதகவென்று மின்னும். வாசலுக்கு எடுத்து வரச் சொன்னோம், முகம் சுளிக்காமல் எடுத்து வந்தார், வெளிச்சத்தில் துணித் துண்டை வைத்துப் பார்த்ததும் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிட்டோம். பெரியம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, தங்கச்சி கேட்டுக்கொள்ளவில்லை.

போகிறவர்கள் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் நேரம் கேளுங்கள், மழை மூட்டமான நாளாக இருந்தால் போன் செய்து தள்ளிப் போடுங்கள், அவரே மாற்றித் தருகிறார். ஒரு வாரம் முன்பிருந்தே மஞ்சள் பூசுவதை நிறுத்துங்கள், பேஷியல் செய்த கையோடு போகாதீர்கள். ஏற்கெனவே வைத்திருக்கிற பட்டு ஒன்றிரண்டைக் கையோடு எடுத்துப் போனால் அதையும் வைத்துப் பார்த்துச் சொல்வார், தனிக் காசு கிடையாது. பிளவுஸ் துணியைத் தையல்காரரிடம் கொடுப்பதற்கு முன்னால் போய்விடுங்கள்.